மதுக்கடை மாடியில் தொடங்கிய மியூசியம்

1968 செப்டம்பர் 24 அன்று, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஐந்தாம் அவென்யூவில் ஒரு மதுக்கடைக்கு மேலிருந்த மாடியை வாடகைக்குப் பிடித்து ஒரு மியூசியம் திறந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த ஏப்ரலில் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் கொந்தளித்திருந்தன. கறுப்பின மக்களுக்கென்று ஒரு கலைக்கூடம் வருகிறது என்றால், மால்கம் எக்ஸின் முகமோ உயர்த்திய முஷ்டியோ அறுபட்ட சங்கிலியோ அங்கே இருக்கும் என்றுதான் பலரும் நினைத்துப் படியேறியிருப்பார்கள். உள்ளே இருந்தவை மின்விளக்குகள்.

டாம் லாய்ட் என்ற சிற்பியின் வேலை அது. அறுகோணமும் சாய்சதுரமுமாக அலுமினியச் சட்டங்கள். அவற்றுக்குள் நெருக்கி வைத்த பல்புகள். பல்புகளுக்கு மேல் காரின் பின்பக்க விளக்குக்குப் போடுகிற மாதிரியான மூடிகள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று விளக்குகள் ஓர் ஒழுங்கில் எரிந்தன, அணைந்தன, இடம் மாறின. எது எப்போது எரிய வேண்டும் என்ற கணக்கை ஆர்சிஏ நிறுவனப் பொறியாளர் ஒருவரோடு சேர்ந்து லாய்ட் வகுத்திருந்தார். மனித உருவம் ஒன்றுகூடக் கிடையாது. பார்க்க வந்தவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. நாங்கள் தெருவில் அடிபட்டுக்கொண்டிருக்கும்போது இந்தக் கலர் விளக்குகளுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி எழுந்தது.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான பதிலைத் தேட வேண்டிய இடம் அந்த விளக்குகளுக்குள் இல்லை, லாய்டின் வாழ்க்கையில் இருக்கிறது. அந்தத் தலைமுறைக் கறுப்பினக் கலைஞர்களில் அவரைப் போல வீதியில் இறங்கி மல்லுக்கு நின்றவர்கள் சிலரே. நவீனக் கலை மியூசியமான மோமாவுக்குப் போய், மார்ட்டின் லூதர் கிங் பெயரில் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ கலைஞர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டுடன் சேர்ந்து முழங்கியவர் அவர். 1971இல் தான் வாழ்ந்த குயின்ஸ் பகுதியின் ஜமைக்காவில், தெருவோரக் கடை முகப்பிலேயே ஒரு மியூசியத்தைத் தொடங்கினார். படைத்ததில் கட்சி தெரியவில்லை, வாழ்ந்ததில் அரசியலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்தவர்களுக்கு அன்று குழப்பமாக இருந்தது. எனக்கு இதுதான் கறுப்பினக் கலைக்கும் அரசியலுக்கும் இடையேயான உறவின் மையமாகப் படுகிறது. ஓவியத்தில் என்ன வரைந்திருக்கிறது என்பதை விட, அதை எந்தச் சுவரில் மாட்டுவது, மாட்டச் சொல்வது யார், கழற்றச் சொல்வது யார் என்பதில்தான் அரசியல் அதிகம் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கலை பிரச்சாரமாக இருக்க வேண்டுமா என்ற சண்டை 1968க்கும் முந்தையது. 1926இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், கலை எல்லாமே பிரச்சாரம்தான், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1920களின் கறுப்பினக் கலை, இலக்கிய எழுச்சியான ஹார்லெம் மறுமலர்ச்சியின் மூளையாக இருந்த அலெய்ன் லாக் இரண்டே ஆண்டில் அதற்கு மறுப்பு எழுதினார்: பிரச்சாரம் செய்கிற கலைஞன் எதிராளியைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறான், தன்னைப் பார்த்துப் பேச அவனுக்கு நேரமே கிடைப்பதில்லை என்பது அவர் கவலை. இருவரும் படித்தவர்கள், இருவரும் தம் மக்களை நேசித்தவர்கள். இருவரில் யார் சரி என்று நூறாண்டுக்குப் பிறகும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த இரண்டு வழியிலும் பெரிய கலை பிறந்துவிட்டது.

டு பாய்ஸின் வழியில் கடைசி எல்லைவரை போனவர் எமரி டக்ளஸ். இளைஞர் சீர்திருத்தப் பள்ளியில் அச்சுத் தொழில் கற்றவர். 1967 முதல், ஓக்லாந்தில் பிறந்த பிளாக் பேந்தர் கட்சியின் பத்திரிகைக்கு அவர்தான் ஓவியர், வடிவமைப்பாளர், கட்சியின் கலாச்சார அமைச்சர். கறுப்பு மையோடு இன்னொரு நிறம், அவ்வளவுதான் கைவசம் இருந்த வசதி. அந்த வறுமையையே பாணியாக்கிக்கொண்டார். தடித்த கோடுகள், புள்ளிப் பின்னணி, எலி ஓடுகிற வாடகை வீட்டில் குழந்தையோடு நிற்கும் தாய். 25 சென்ட் பத்திரிகை. வாங்க முடியாதவர்களுக்கு அவர் படங்களைச் சுவரொட்டியாகத் தெருவில் ஒட்டினார்கள். கேலரி என்பது அந்தச் சுவர்தான். நம் ஊருக்கும் அந்தச் சிறுத்தைக்கும் ஓர் உறவு உண்டு: பிளாக் பேந்தர்களைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் பெயர் சூட்டிக்கொண்டது. அதன் தமிழ்நாட்டுக் கிளையாக மதுரையில் மலைச்சாமி தொடங்கியதுதான் பின்னாளில் விடுதலைச் சிறுத்தைகள் ஆயிற்று. ஓக்லாந்தின் அச்சு மைக்கும் மதுரையின் கோபத்துக்கும் இடையே கடல்கள் இருந்தாலும் சின்னம் ஒன்றாகவே வந்து சேர்ந்தது. 2007இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சமகாலக் கலை மியூசியம் எமரி டக்ளஸின் அதே தாள்களைச் சட்டம் போட்டு மாட்டியது.

இப்போது 1969 ஜனவரிக்குப் போக வேண்டும். ஏனென்றால் அன்றும் இன்றும் என்பதை ஒரே கட்டடத்தில் வைத்துப் பார்க்க வாய்க்கிற இடம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம்.

அந்த மாதம் மெட் ஒரு பெரிய கண்காட்சி திறந்தது. 'ஹார்லெம் ஆன் மை மைண்ட்' என்று பெயர். 1900 முதல் 1968 வரை ஹார்லெமின் வரலாறு. சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கிய புகைப்படங்கள், ஸ்லைடு காட்சிகள், ஒலிபெருக்கியில் பாட்டும் தெருச் சத்தமும். கூட்டம் அலைமோதியது. ஒன்றுதான் இல்லை: ஹார்லெம் ஓவியர், சிற்பி ஒருவரின் படைப்புகூட உள்ளே இல்லை. உலகின் தலைசிறந்த ஓவியக் களஞ்சியங்களில் ஒன்று, கறுப்பர்களின் கலைத் தலைநகரத்தைப் பற்றிக் காட்சி வைக்கிறது. அதில் ஓவியத்துக்கு இடமில்லை! கலை என்று வந்தால் ரெம்பிராண்ட், ஹார்லெம் என்று வந்தால் சமூகவியல். சரக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜேக்கப் லாரன்ஸ் தன் அறுபது பலகை 'மைக்ரேஷன்' தொடரை 1941இல் முடித்ததே ஹார்லெமில்தான். அவருடைய 'பூல் பார்லர்' ஓவியத்தை மெட்டே 1942இல் விலைக்கு வாங்கி வைத்திருந்தது. அதே ஜனவரியில் மெட் தன் சொந்த இதழில் லாரன்ஸ், டாம் லாய்ட், சாம் கில்லியம், ஹேல் உட்ரஃப் முதலியோரைப் பேச வைத்து, ரோமேர் பியர்டன் நெறிப்படுத்திய உரையாடல் ஒன்றையும் வெளியிட்டது. பேசலாம், படம் மட்டும் மாட்டக் கூடாது.

பனியில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு மெட்டின் படிக்கட்டுக்கு முன்னால் நின்றவர்கள் யார் என்று பாருங்கள். ஹார்லெமில் பிறந்து வளர்ந்த நார்மன் லூயிஸ், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். பியர்டன், பல ஆண்டுகளாக நகராட்சியின் சமூகநலத் துறையில் வேலை பார்த்துக்கொண்டு இரவிலும் வார இறுதியிலும் ஒட்டுச்சித்திரம் செய்தவர். பென்னி ஆண்ட்ரூஸ், ஜார்ஜியாவின் குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளை. ராய் டிகராவா, கண்காட்சிக்குத் தன் புகைப்படங்களைத் தர மறுத்தவர். பிளாக் எமர்ஜென்சி கல்ச்சுரல் கோயலிஷன் என்ற அமைப்பு அந்த மறியலில்தான் பிறந்தது. இவர்களில் லூயிஸ் வரைந்ததும் பெரும்பாலும் அரூப ஓவியங்கள். அரசியல் ஓவியம் வரையாதவர்கள் அரசியலுக்காகக் குளிரில் நின்றார்கள் என்பதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

உள்ளே பெருமைப்படுத்தப்பட்டவரின் கதையும் கசப்பானதே. கண்காட்சியின் நட்சத்திரம் ஜேம்ஸ் வான் டெர் ஸீ. எண்பதைத் தாண்டிய ஸ்டுடியோ புகைப்படக்காரர். ஹார்லெமின் திருமணம், சாவு, லாட்ஜ் ஊர்வலம், புதுக் கார் வாங்கிய தம்பதி என்று எல்லாவற்றையும் அரை நூற்றாண்டாகப் படம் பிடித்து வைத்திருந்தவர். லட்சக்கணக்கானோர் அவர் படங்களை மெட்டில் பார்த்த அதே 1969இல், அவரும் மனைவியும் லெனாக்ஸ் அவென்யூ வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

மறியல் செய்தவர்களின் கோரிக்கைகளில் பலவும் இன்று படிக்கச் சாதாரணமாகத் தோன்றும். கறுப்பினக் கலைஞர்களின் படைப்பை வாங்குங்கள். கறுப்பினக் காப்பாளர்களை வேலைக்கு எடுங்கள். எங்களைப் பற்றிக் காட்சி வைத்தால் எங்களையும் கலந்து பேசுங்கள். இதற்கே பெரும்பாடு. மோமாவில் கிங் பெயரில் பிரிவு வரவே இல்லை. பதிலுக்கு 1971இல் பியர்டனுக்கும் ரிச்சர்ட் ஹன்டுக்கும் தனிக் கண்காட்சிகள் வந்தன. அதே ஆண்டு விட்னி மியூசியம் சமகாலக் கறுப்பினக் கலைக்கு ஒரு கண்காட்சி வைத்தது. கறுப்பின நிபுணர்களைக் கலந்துகொள்வதாகச் சொன்னதைக் காப்பாற்றவில்லை என்று பதினைந்து கலைஞர்கள் விலகினார்கள். கண்காட்சி தன் பாட்டுக்கு நடந்தது. விலகியவர்களுக்கு ஆதரவாகக் கிரீன்விச் வில்லேஜில் ஆக்ட்ஸ் ஆஃப் ஆர்ட் என்ற சிறு கேலரி மறுப்புக் கண்காட்சி ஒன்று போட்டது. அன்று அவர்களுக்கு இருந்த சக்தி அவ்வளவுதான்.

ஆனால் மெட் மறியலில் பிறந்த அந்தக் கூட்டணியினர் மியூசியம் வாசலோடு நிற்கவில்லை. 1971 செப்டம்பரில் அட்டிகா சிறையில் கைதிகளின் எழுச்சி துப்பாக்கியால் அடக்கப்பட்ட பின், பென்னி ஆண்ட்ரூஸும் நண்பர்களும் நியூயார்க் சிறைகளுக்குள் ஓவிய வகுப்பு நடத்தப் போனார்கள். ஃபெய்த் ரிங்கோல்டு ரைக்கர்ஸ் தீவின் பெண்கள் சிறைக்கு ஒரு பெரிய சுவரோவியம் வரைந்து கொடுத்தார். என்ன வரையட்டும் என்று உள்ளே இருந்த பெண்களையே கேட்டார். நம்பிக்கையாக எதையாவது வரையுங்கள் என்றார்கள். ஆகவே அதில் பெண் டாக்டர், பெண் பஸ் டிரைவர், பெண் ஜனாதிபதி எல்லாரும் இருக்கிறார்கள். பின்னாளில் அது ஆண்கள் சிறையானபோது அந்த ஓவியத்தின் மேல் வெள்ளைச் சாயம் பூசினார்கள். பிறகு மீட்டெடுத்தார்கள். கழற்றும் அதிகாரம் யார் கையில் என்று முன்னே சொன்னேனே, அதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி வேண்டாம்.

இனி இன்று.

2024 பிப்ரவரியில் அதே மெட், ஹார்லெம் மறுமலர்ச்சியைப் பற்றி சுமார் 160 படைப்புகளோடு கண்காட்சி திறந்தது. இம்முறை ஓவியங்கள், சிற்பங்கள், சுவர் நிறைய. ஏரன் டக்ளஸ், ஆர்ச்சிபால்ட் மாட்லி, வில்லியம் ஹெச். ஜான்சன், லாரா வீலர் வேரிங், ஆகஸ்டா சாவேஜ். தொகுத்தவர் டெனிஸ் மரெல் என்ற கறுப்பினப் பெண்மணி. வான் டெர் ஸீயின் படங்களும் இருந்தன. அதற்கு முன்பே, 2021இல், அவருடைய சுமார் 20,000 அச்சுப் படங்களையும் 30,000 நெகட்டிவ்களையும் மெட்டும் ஹார்லெமின் ஸ்டுடியோ மியூசியமும் சேர்ந்து பாதுகாக்க ஏற்பாடாகிவிட்டது. ஐம்பத்தைந்து ஆண்டு தாமதம். ஆனாலும் நடந்தது, அதற்காக மகிழ்கிறேன்.

மகிழ்ச்சியோடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுவர்களில் தொங்கியவற்றில் கணிசமானவை மெட்டின் சொத்து இல்லை. கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கிய பழைய கல்லூரிகளிடமிருந்து இரவல் வந்தவை: வாஷிங்டனின் ஹோவர்டு, நாஷ்வில்லின் ஃபிஸ்க், வர்ஜீனியாவின் ஹாம்ப்டன், அட்லாண்டாவின் கிளார்க் அட்லாண்டா. பெரிய மியூசியங்கள் ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில் இந்தக் கல்லூரிகள்தான் வாங்கின, மாட்டின, காப்பாற்றின. ஹோவர்டில் 1930லேயே கேலரி இருந்தது. அட்லாண்டாவில் ஹேல் உட்ரஃப் 1942இல் தொடங்கிய ஆண்டுக் கண்காட்சி 1970 வரை நடந்தது. தெற்கில் வெள்ளையர் மியூசியத்துக்குள் கறுப்பர் நுழையவே முடியாத நாளில், பரிசும் கொடுத்து, பரிசு பெற்ற படத்தைக் கல்லூரிக்கே வாங்கிக்கொண்டார்கள். கறுப்பினக் கலையின் அரசியலில் கொடியும் கோஷமும் பேசப்பட்ட அளவுக்கு இந்த அமைதியான சேமிப்பு பேசப்படவில்லை. என் கணிப்பில் அதுதான் எல்லாவற்றிலும் துணிச்சலான அரசியல். அந்தக் கல்லூரிகளின் கஜானா இன்றும் ஒல்லிதான். பண நெருக்கடியில் ஃபிஸ்க், ஜார்ஜியா ஓ'கீஃப் தனக்குக் கொடுத்த ஸ்டீக்லிட்ஸ் தொகுப்பின் பாதி உரிமையை 2012இல் 3 கோடி டாலருக்கு ஆர்கன்சாவின் புதிய மியூசியம் ஒன்றுக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

மதுக்கடை மாடியும் வளர்ந்துவிட்டது. ஸ்டுடியோ மியூசியம் 1982இல் 125ஆம் தெருவின் பழைய வங்கிக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. 2018இல் அதை மூடிவிட்டு, 2025 நவம்பர் 15 அன்று 82,000 சதுர அடியில் புத்தம்புதுக் கட்டடம் திறந்தது. வெளியே டேவிட் ஹாமன்ஸின் சிவப்பு, கறுப்பு, பச்சை அமெரிக்கக் கொடி பறக்கிறது. தெல்மா கோல்டன் தலைமையிலான அந்த மியூசியம் திறப்புக் கண்காட்சிகளில் ஒன்றாக யாரை வைத்தது தெரியுமா? டாம் லாய்டை. 1996இல் மறைந்த அவருடைய விளக்குகளைப் பழுது பார்த்து மறுபடி எரியவிட்டார்கள். இன்று யாரும் இது எங்கள் கலையா என்று கேட்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்த மியூசியத்தில் தங்கி வேலை செய்து வெளியே போன இளைஞர்கள்தான் அந்தக் கேள்வியைக் காலாவதியாக்கினார்கள். ஹாமன்ஸ், கெரி ஜேம்ஸ் மார்ஷல், ஜூலி மெரெட்டு, ஒபாமாவை வரைந்த கெஹிண்டே வைலி எல்லாரும் அங்கிருந்து வந்தவர்களே. பெயரில் ஸ்டுடியோ என்று இருப்பது சும்மா இல்லை. கலைஞனுக்கு மாட்ட இடம் மட்டும் போதாது, வேலை செய்யவும் இடம் வேண்டும் என்று ஓவியர் வில்லியம் டி. வில்லியம்ஸ் தொடக்கத்திலேயே போராடிப் பெற்றது அது.

பணமும் வந்தது. மார்ஷலின் 'பாஸ்ட் டைம்ஸ்' ஓவியத்தைச் சிகாகோவின் மாநாட்டு மையத்தை நடத்தும் பொது அமைப்பு 1997இல் 25,000 டாலருக்கு வாங்கியிருந்தது. 2018 மே மாதம் ஏலத்தில் அது 2 கோடியே 11 லட்சம் டாலருக்குப் போயிற்று. அமெரிக்கச் சட்டப்படி மறுவிற்பனையில் ஓவியனுக்குச் சல்லிக்காசு கிடையாது. இந்த விலையைப் பார்த்துச் சிகாகோ மாநகராட்சிக்கும் ஆசை வந்தது. 1995இல் மேற்குப் பகுதியின் லெக்லர் நூலகத்துக்காக 10,000 டாலர் கூலிக்கு மார்ஷல் வரைந்த 'நாலெட்ஜ் அண்ட் வொண்டர்' அதன் கைவசம் இருந்தது. அந்த ஓவியத்தில் கறுப்பினப் பிள்ளைகளும் பெரியவர்களும் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் புத்தகங்கள் எழும்பி நிற்கின்றன, அவற்றின் அட்டைகளில் கோள்களும் பிரபஞ்சமும். நூலகத்துக்கு வரும் ஒரு பிள்ளை அதன் முன் நின்றால் ஓவியத்துப் பிள்ளைகளின் வரிசையில் தானும் ஒன்றாகிவிடும். அதை ஏலம் விட்டு வரும் ஒன்றரைக் கோடி டாலர்வரையிலான பணத்தில் நூலகத்தைப் புதுப்பிப்பதாக மேயர் அறிவித்தார். மார்ஷல் வெளிப்படையாகக் கசந்தார். ஊரும் கத்தியது. 2018 நவம்பரில் மேயர் பின்வாங்கினார். ஓவியம் நூலகத்தின் பேரிலேயே தங்கிற்று. 1969இல் உள்ளே விடு என்பது சண்டை. 2018இல் வெளியே விற்காதே என்பது சண்டை. ஏழைப் பிள்ளைகள் பார்க்கும் சுவரில் ஒரு கறுப்பினக் கலைஞனின் படம் இருக்க வேண்டும் என்ற வேண்டுகோள் இரண்டிலும் ஒன்றே.

கோடிக்கணக்கான டாலரைப் பார்த்து எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஓர் எண். அமெரிக்காவின் 31 மியூசியங்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, 2008 முதல் 2020 வரை அவை சேர்த்த படைப்புகளில் கறுப்பின அமெரிக்கக் கலைஞர்களுடையவை 2.2 சதவீதம்தான் என்று கண்டது.

பிறகு 2020 வந்தது. ஜார்ஜ் ஃபிலாய்ட் கொலைக்குப் பின் அந்த ஜூனில் வாஷிங்டன் மேயர் வெள்ளை மாளிகைக்கு எதிரே சாலை முழுக்க மஞ்சள் எழுத்தில் பிளாக் லைவ்ஸ் மேட்டர் என்று எழுதச் செய்தார். உலகம் பார்த்தது. 2025 மார்ச்சில், நாடாளுமன்றத்தின் நிதி மிரட்டலுக்கு முன்னால் அதே நகர நிர்வாகம் இயந்திரம் வைத்து அதைப் பெயர்த்தது. அரசாங்கம் எழுதிய எழுத்தை அரசாங்கமே அழித்தது. 1967இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில் அரசாங்கம் சொல்லாமல் கறுப்பின ஓவியர்கள் தாங்களாகவே வரைந்த 'வால் ஆஃப் ரெஸ்பெக்ட்' சுவர் தீ விபத்துக்குப் பின் 1972இல் இடிபட்டது. ஆனால் அது இடிபடுவதற்குள் நாடெங்கும் சுவரோவிய இயக்கத்தையே கிளப்பிவிட்டிருந்தது. ஒப்பிட்டால் எது ஆழமாக வேரோடியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதே 2025 மார்ச்சில் டிரம்பின் நிர்வாக உத்தரவு ஒன்று ஸ்மித்சோனியன் மியூசியங்களைக் குறிவைத்தது. ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று மியூசியத்தின் பெயரையும் அது குறிப்பிட்டது. ஜூலையில் ஏமி ஷெரால்டின் முறை. மிஷெல் ஒபாமாவின் உருவப்படத்தை வரைந்தவர் அவர். மனிதத் தோலைப் பழுப்பில் தீட்டாமல் சாம்பல் நிறத்தில் தீட்டுவார். உடையும் பின்னணியும் பளிச்சென்று இருக்கும். நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் கண்ணுக்கு அங்கே வேலையில்லாமல் போய்விடும். சான் பிரான்சிஸ்கோவிலும் விட்னியிலும் ஓடிய அவருடைய 'அமெரிக்கன் சப்லைம்' கண்காட்சி, செப்டம்பரில் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த, வாஷிங்டனின் தேசிய உருவப்பட மியூசியத்துக்கு வரவிருந்தது. சுதந்திர தேவியாக ஒரு கறுப்பினத் திருநங்கையை வரைந்த ஓவியத்தைப் பற்றி மியூசியத்துக்குள் தயக்கம் எழுந்தது. ஓவியம் விடுபடக்கூடும் என்று தெரிந்ததும், ஷெரால்டு கண்காட்சியையே முழுதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அன்று விட்னியிலிருந்து பதினைந்து பேர் விலகியும் கதவு மூடவில்லை. இன்று ஒருவர் விலகினார், வாஷிங்டனில் அந்தக் கண்காட்சி இல்லாமல் போயிற்று. பால்டிமோர் கலை மியூசியம் உடனே இடம் கொடுத்தது. நவம்பரில் அங்கே திறந்தது. ஷெரால்டு படித்த ஊர் அது. முப்பதுகளின் பிற்பகுதிவரை ஓட்டலில் சாப்பாடு பரிமாறிக்கொண்டே ஓவியம் வரைந்த ஊரும் அதுதான். லூயிஸும் பியர்டனும் கனவில்கூடக் காணாத பலம் இது. ஆனால் எல்லாருக்கும் இந்தப் பலம் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டனின் அமெரிக்க நாடுகள் கலை மியூசியம் கறுப்பினக் கலைஞர்கள் பங்கேற்ற கண்காட்சி ஒன்றைத் திறப்பதற்கு முன்பே ரத்து செய்தது. அங்கே யாரும் விலகவில்லை. விலக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் ஷெரால்டு பெயரைப் போல செய்தித்தாளில் வரும் பெயர் அல்ல.